சாம்பல் நிறத் துண்டுகள்

நிழலில் எதுவும் தெரியவில்லை. பல் டாக்டரம்மா தன் கறுப்புக் காரைக் கார் கழுவும் கடைக்கு வெளியே எடுத்து வெயிலில் நிறுத்தினார். ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம் என்று இறங்கியவர் ஓட்டுநர் பக்கக் கதவருகே நின்றுவிட்டார். கைப்பிடிக்குக் கீழே, பூனை பிறாண்டியது போல மெல்லிய கீறல்கள் வரிசையாக ஓடின.

“நான் விடும்போது இது இல்லையே.”

கண்ணாடி அறைக்குள் கல்லாவில் இருந்த தம்பி எழுந்து வந்தான். குனிந்து பார்த்தான். விரல் நுனியால் தடவிப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவனிடம் பதில் தயாராக இருந்தது.

“சாரி மேடம். அக்கா கை தவறிடுச்சு. வயசாகுதில்ல. இனிமே பாடி துடைக்க வேற ஆளைப் போட்டுடறேன். அக்காவை வீல் பக்கம் மாத்திடறேன்.”

பக்கத்து வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்த நெட்டை என்கிற வேலையாள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழாயை மூடினான்.

இந்தக் கடை ஒரு வாளியும் ஒரு குழாயுமாகத் தொடங்கியது. தம்பி கழுவுவான், அக்கா துடைப்பாள். கழுவுவதற்கு ஊரெல்லாம் ஆள் உண்டு. துடைப்பதற்காகத்தான் இங்கே வந்தார்கள். ‘அக்கா துடைச்சதா?’ என்று கேட்டுவிட்டுச் சாவியை வாங்கிப் போனவர்கள் உண்டு. அவள் துணியை வைத்துத் தேய்க்க மாட்டாள். கனமான பெரிய துண்டை ஈரமான தகட்டின் மேல் விரித்துப் போட்டு, இரண்டு முனைகளையும் பிடித்துத் தன் பக்கம் மெதுவாக இழுப்பாள். தண்ணீர் துண்டோடு வந்துவிடும்.

துணி வாங்குவதும் அவள்தான். கடையில் மைக்ரோஃபைபர் துண்டை எடுத்தால் முதலில் புறங்கையில் இழுத்துப் பார்ப்பாள். வறண்ட தோலில் இலேசாகப் பிடித்தால்தான் நல்ல இழை, வழுக்கிக்கொண்டு போனால் கீழே வைத்துவிடுவாள். ஓரத்தில் முரட்டு நூல் தையல் இருந்தால் வேண்டாம். மூலையில் தைத்திருக்கும் கம்பெனிச் சீட்டைக் கத்தரிக்காமல் ஒரு துண்டும் வண்டியைத் தொட்டதில்லை. நீலம் பாடிக்கு, மஞ்சள் கண்ணாடிக்கு, பச்சை உள்ளே இருக்கைகளுக்கு, சிவப்பு சக்கரத்துக்கு. சிவப்பை எத்தனை முறை அலசினாலும் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் இழைக்குள் எங்காவது உட்கார்ந்திருக்கும். அதனால் சிவப்புக்குத் தனி வாளி, தனிக் கொடி.

போன மாதம் தம்பி சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்தான். ஆட்களுக்குச் சாம்பல் நிறச் சட்டை தைத்தான். அதோடு நிற்கவில்லை.

“கலர் கலராத் தொங்குது, திருவிழாக் கொடி மாதிரி. வீடியோவுல பாத்தா கேவலமா இருக்குக்கா. எல்லாம் ஒரே கலர் வாங்கிட்டேன்.”

“சக்கரத் துணிய எப்படிடா கண்டுபிடிக்கிறது?”

“தனித்தனி டப்பாவுல வையி. இதுகூட நான் சொல்லணுமா?”

வைத்தாள். டப்பாக்களில் எழுதி ஒட்டி, கண்ணாடி அலமாரியில் தட்டுக்கு ஒன்றாக அடுக்கினாள். அப்படியே போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நேற்று மாலை அவள் வீட்டுக்குப் போன பிறகு தம்பி கடையை வீடியோ எடுத்திருக்கிறான். டப்பாக்கள் பார்க்க நன்றாக இல்லையாம். கொடியில் காய்ந்தது, டப்பாவில் இருந்தது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, ஓட்டல் குளியலறையில் வைப்பதுபோலச் சுருட்டி, அலமாரியில் தட்டுக்கு ஒரு கூம்பாக அடுக்கிவிட்டான். காலையில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டப்பாக்களை மட்டும் எடுத்துவிட்டான் என்று நினைத்தாள்; மேல்தட்டு எப்போதும் பாடித் துணிக்கு என்பதால் மேலே இருந்ததை எடுத்தாள். வழக்கம்போலப் புறங்கையிலும் இழுத்துப் பார்த்தாள். தூள் உள்மடிப்பில் இருந்திருக்கிறது.

அலமாரி ஏன் அப்படி இருந்தது என்று, நேற்று கூட இருந்த நெட்டை இப்போதுதான் அவள் காதருகே முணுமுணுத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அக்கா கையிலிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு வந்தாள். குரல் உயரவில்லை.

“என் கை தவறிடுச்சா?”

“அக்கா, கஸ்டமர் முன்னாடி வேணாம். உள்ள வா, பேசிக்கலாம்.”

“வெளிய நின்னு சொன்னியே. அதை உள்ள வந்து நான் எப்படித் திருப்பி வாங்கிக்கிறது?”

“நீதானே துடைச்ச? இல்லன்னு சொல்லு பாப்போம்.”

“நான்தான் துடைச்சேன். கூடத்தைக் கோணலாக்கினவன் நீ. எனக்கு ஆடத் தெரியலன்னு சொல்லாத.”

அலமாரியைத் திறந்தாள். சுருட்டிய துண்டுகளை இரு கைகளாலும் வாரிக்கொண்டு வந்தாள். தம்பியின் புது வண்டி கடை வாசலில் நின்றது. அதுவும் கறுப்புதான். பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகவே தினமும் அங்கே நிறுத்துவான். அதன் பக்கத்தில் இருந்த மேசையில் எல்லாவற்றையும் போட்டாள்.

“தப்பு என் கையிலதானே? உன் கையால எடு. சக்கரத் துணியும் இதுலதான் கலந்து கிடக்கு. எந்தத் துணி வேணாலும் எடு. உன் வண்டியத் துடை.”

தம்பி சிரித்துப் பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“துடைங்க,” என்றார் அவர்.

வீம்புக்காரன். ஒரு துண்டை எடுத்து உதறினான். பானெட்டில் அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தான். குனிந்து வெயிலுக்கு எதிராகப் பார்த்தான். கீறல் இல்லை. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா? துணியில ஒண்ணும் இல்ல.”

“அதுல இல்ல,” என்றாள் அக்கா. “இன்னொண்ணு எடு.”

எடுத்தான். விரித்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். முதல் துண்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. மேசையில் கிடந்த மற்றவையும் அப்படித்தான் இருந்தன. துண்டைப் பானெட்டில் வைத்தான். அதன் மேல் கையை வைத்தான். கை நகரவில்லை.

“இழுடா.”

அவன் இழுக்கவில்லை.

“எங்க கிளினிக்ல கொதிக்க வச்ச கருவியும் வைக்காததும் ஒரே தட்டுல கிடந்தா, நான் யார் வாயிலயும் கை வைக்க மாட்டேன்,” என்றார் டாக்டரம்மா. “நீங்க என் வண்டியில வச்சிருக்கீங்க.”

தம்பி துண்டிலிருந்து கையை எடுத்தான்.

“என்னாலதான் மேடம்,” என்றான் தரையைப் பார்த்து. “நான்தான் கலந்துட்டேன். அக்கா கை இல்ல.”

“நெட்டைக்குக் கேக்கல,” என்றாள் அக்கா.

தம்பி அவளை முறைத்தான். அவளும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவன்தான் திரும்பி, கடை முழுக்கக் கேட்கும்படி அதையே மறுபடி சொன்னான். குழாயடியில் நின்ற நெட்டை, குழாயில் ஏதோ பழுது பார்ப்பவன்போலக் குனிந்துகொண்டான்.

அக்கா டாக்டரம்மாவிடம் கையை நீட்டினாள். “சாவியக் குடுங்கம்மா. கீறல் மேலாகத்தான் இருக்கு. நானே பாலிஷ் போட்டு நாளைக்கு எடுத்துத் தரேன். என் துணியிலதான் துடைப்பேன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கொடுத்தார்.

மேசையிலிருந்த துண்டுகளை அக்கா வாரி, சக்கர வாளிக்குள் திணித்தாள்.

“எல்லாத்தையுமா?” என்றான் தம்பி. “புதுசுக்கா.”

“எல்லாத்தையும். இனிமே இது சக்கரத்துக்கு. நாளைக்கு நீலம் வாங்கிட்டு வரேன். வீடியோவுல நல்லா இல்லன்னா என்னை எடுக்காத.”

பானெட்டில் ஒரு துண்டு மட்டும் மிச்சம் இருந்தது. தம்பி அதன் அருகே போனான். இழுக்காமல், நான்கு முனைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி மடித்து, தகட்டில் உரசாமல் நேராக மேலே எடுத்தான். கடை தொடங்கிய புதிதில் அவள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தபடியே எடுத்தான்.

அக்கா அதைப் பார்த்தாள். கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. அவன் கையிலிருந்து துண்டைப் பிடுங்கி அதையும் வாளியில் போட்டாள்.