ஒன்பதாம் மாடியில் காய்ச்சல்

துபாயை அடுத்த ஜெபல் அலியில் பிரைட் வேலை பார்த்த கம்பெனி, சீனாவில் நிங்போ என்ற துறைமுக நகரத்தில் கிரேன்கள் செய்யக் கொடுத்திருந்தது. அவற்றின் மின்வேலையைக் கூடவே இருந்து சோதித்து வாங்கிவர பிரைட்டை அனுப்பினார்கள். நாலு மாத வேலை, குடும்பத்தையும் கூட்டிப் போகலாம் என்றார்கள். துபாயில் கிளினிக் நர்ஸாக இருந்த அவன் மனைவி ஜெஸ்மி லீவு போட்டாள். துபாயின் கராமா பகுதியில் ஷம்சியாவின் குடும்பத்தோடு சேர்ந்து ஒரே ஃப்ளாட்டில் இருந்தார்கள். தங்கள் அறைச் சாவியை ஷம்சியாவிடமே கொடுத்துவிட்டு, நாலு வயது மகள் ரினியோடு 2003 பிப்ரவரியில் விமானம் ஏறினார்கள்.

நிங்போவில் வீடு ஒன்பதாம் மாடியில். ஜெஸ்மி குளச்சல்காரி. மீன் வாங்கத் தெரியாமல் அவள் வாழ்க்கையில் முதல்முறை நின்றது அந்த ஊர்ச் சந்தையில்தான். தொட்டிகளில் உயிரோடு நீந்தியவற்றில் ஒன்றுக்கும் பெயர் தெரியவில்லை. ஒன்றைக் கைகாட்டினால், விற்பவள் அதைக் கட்டையால் ஒரே அடி அடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். தேங்காயெண்ணெய் இல்லாத குழம்பை ரினி தொடவில்லை. அடுப்பு, துணி துவைக்கும் மிஷின், லிஃப்ட் எல்லாவற்றிலும் சீன எழுத்து. எதைத் தொட்டாலும் ஏதாவது ஆகிவிடுமோ என்று ஜெஸ்மிக்கு இருந்தது.

ஒரே ஆறுதல் எதிர்வீட்டுப் பையன். ரினி வயதுதான். இரண்டு பேரும் நடைபாதையில் ஒரே சைக்கிளை மாறி மாறி ஓட்டினார்கள், ஒரே கப்பில் தண்ணீர் குடித்தார்கள். அவர்களுக்குப் பேச்சு ஒரு தடையாகவே இல்லை. பையனின் அம்மா தன் பெயரைப் பல முறை சொல்லியும் ஜெஸ்மியின் வாயில் வரவில்லை. இருவரும் சிரித்தே சமாளித்தார்கள்.

ஏப்ரலில் எல்லாம் மாறியது. சார்ஸ் காய்ச்சல் பற்றிய செய்தி வந்ததிலிருந்து கட்டட வாசலில் மேசை போட்டு, வருகிற போகிற எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்தார்கள். லிஃப்டில் மருந்து நெடி. சுவரில் நாளுக்கொரு புது அறிவிப்பு. ஜெஸ்மி அதன் முன்னால் நின்று, படிப்பவர்களின் முகத்தைப் பார்த்துத் திரும்பி வருவாள். தொழிற்சாலையின் மொழிபெயர்ப்பாளப் பெண் லின், காய்ச்சல் கண்ட இரண்டாம் மாடிப் பாகிஸ்தானி எஞ்சினியரை வண்டியில் ஏற்றிப் போய்விட்டதாகச் சொன்னாள். எங்கே என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் ரினி எழுந்திருக்கவில்லை.

"கேட்டீளா, பிள்ளைக்கு மேலு சுடுது."

பிரைட் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து நெற்றியைத் தொட்டான். "பாராசிட்டமால் குடு. வெளிய யாருக்கும் தெரியாண்டாம்."

"தெரியாண்டாமா?"

"பிள்ளைய மட்டும் பிரிச்சுக் கொண்டு போனா என்ன செய்வா? அழுதா என்னன்னு கேக்கக்கூட அங்க ஆளு கெடையாது."

அவன் டூட்டிக்குப் போனான். ஜெஸ்மி ரினியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். மூச்சு சுத்தமாக இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. மருந்துக்குக் காய்ச்சல் இறங்கி, மறுபடி ஏறியது.

மதியம் கதவு தட்டப்பட்டது. கீழே, முட்டிக்குச் சற்று மேலே கேட்ட சின்னத் தட்டல். எதிர்வீட்டுப் பையன் சைக்கிளோடு வந்திருக்கிறான். "லி-னி, லி-னி" என்று கூப்பிட்டான். ஜெஸ்மி கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்றாள். அவன் போகவில்லை. தட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் அவன் அம்மா வந்து கூட்டிப்போகும் சத்தம் கேட்டது. ஜெஸ்மி போனை எடுத்துப் பிரைட்டைக் கூப்பிட்டாள்.

"நான் லின்னுக்குச் சொல்லப் போவுதேன்."

"கொஞ்சம் பொறு பிள்ளே. சாயங்காலம் வந்து பேசுவோம்."

"அந்தப் பையன் நேத்து பூரா இவளுக்க எச்சில் கப்புலதான் தண்ணி குடிச்சான். நமக்க பிள்ளைதான் பிள்ளையா?"

அந்தப் பக்கம் மிஷின் சத்தம் குறைந்தது. பிரைட் தள்ளி வந்து நின்றிருந்தான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றாள் ஜெஸ்மி. "ஆனா சொல்லியே ஆவணும்."

"சொல்லு," என்றான் பிரைட்.

தலைமுதல் கால்வரை வெள்ளை உடுத்தியவர்கள் வந்தார்கள். ரினி அலறினாள். அவர்களில் ஒருவர் குழந்தையை வாங்கக் கை நீட்டியபோது ஜெஸ்மி கொடுக்கவில்லை. முகமூடியைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். லின் போனில் என்னவோ கெஞ்சினாள். அவளையும் கூடவே வர விட்டார்கள். பிரைட்டைத் தொழிற்சாலையிலேயே ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி அறையின் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. எத்தனையோ நோயாளிகளுக்கு "ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்று சொன்னவள் ஜெஸ்மி. இப்போது யார் என்ன சொன்னாலும் புரியாமல், கண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை டாக்டர் ரினியின் சட்டையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் குனிந்து வேகமாகப் பேசினார்கள். ஜெஸ்மி அவர்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வயிற்றில் இரண்டு மூன்று நீர்க்கொப்புளங்கள்.

"சின்னம்மை!" என்று தமிழிலேயே கத்தினாள். டாக்டர் திரும்பினார். முகமூடிக்கு மேலே அவர் கண்கள் சிரித்தன.

அவர்கள் வீடு திரும்பிச் சில நாளில் எதிர்வீட்டுப் பையனுக்கும் கொப்புளம் போட்டது. அவன் அம்மா வாசலில் வந்து நின்று நிறையப் பேசினாள். திட்டுகிறாளா, கேட்கிறாளா என்று ஜெஸ்மிக்குத் தெரியவில்லை. உள்ளே போய் ரினிக்குப் பூசிய லோஷனை எடுத்துவந்து நீட்டினாள். அவள் பாட்டிலைப் பார்த்தாள், ஜெஸ்மியைப் பார்த்தாள். பிறகு பையனின் சட்டையைக் கழற்றி, முதுகைக் காட்டி நிறுத்தினாள். ஜெஸ்மி பூசிவிட்டாள்.

ஜூனில் வேலை முடிந்தது. கிளம்பும் முன் ஷம்சியாவுக்கு போன் செய்தாள்.

"ஜெஸ்மி, கோவிச்சுக்காத புள்ள. கொஞ்ச நாள் வேற எங்கயாச்சும் இருந்துட்டு வாங்களேன். வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்குல்ல. நீங்க சீனாவுலேர்ந்து வர்றீங்கன்னு பில்டிங்ல எல்லாரும் ஒரு மாதிரி பேசுறாங்க."

"சரிக்கா," என்றாள் ஜெஸ்மி. கிளினிக்கிலும் இப்போது வரவேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

கம்பெனி ஜெபல் அலி தொழிலாளர் கேம்பில் ஒரு மூலை அறை கொடுத்தது. ஆண்கள் மட்டும் தங்கும் இடம். ஜெஸ்மி குளிக்கப் போனால் பிரைட் கதவுக்கு வெளியே காவல் நிற்க வேண்டியிருந்தது. பகலெல்லாம் ஏசி இரைச்சலில் ஜெஸ்மி தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று பேருக்கும் மாற்றி மாற்றிக் காய்ச்சல் பார்த்தாள்.

"வாட் ஃபார் மம்மி? ஐ ஆம் ஃபைன்," என்றாள் ரினி.

"தெரியும் மக்ளே. சும்மா பாக்குதேன்."

ஒரு வெள்ளிக்கிழமை ஷம்சியாவே காரில் வந்து இறங்கினாள். அவள் ரினியைத் தூக்கி, நெற்றியில் இருந்த பள்ளத்தை விரலால் தொட்டாள்.

"இது என்னடி?"

"சின்னம்மைத் தழும்புக்கா. ஆறிப்போச்சு."

ஷம்சியாவின் விரல் ஒரு கணம் தயங்கியது. பிறகு குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பெட்டிய எடுங்க, வீட்டுக்குப் போவோம்," என்றாள்.