கட்டிலுக்கு அடியில்

அக்காக்காரிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வாரம் ஆறு நாள் அடுத்தவர் கண்ணுக்கு வில்லை பொருத்துவாள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்றைக்குத் தன் கண்ணில் பட்டதை வரைவாள். மலை, கடல், மயில் எதுவும் கிடையாது. பாத்திரம் கழுவும் தொட்டியின் மூலை, மடித்து வைத்த துணி, கதவிடுக்கில் விழும் வெயில், இவைதான். எல்லாம் உள்ளங்கை அகலம். "ஊர்ல வேற அழகே இல்லேன்னு பக்கெட்டைப் போய் வரைஞ்சிட்டிருக்கியே" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அவள் சிரித்துக்கொள்வாள். ஆனால் ஒரு வீம்பு உண்டு. இல்லாததைச் சேர்க்க மாட்டாள், இருப்பதை விட மாட்டாள்.

அந்த வீம்புதான் சனிக்கிழமை காலை அவள் கழுத்தைப் பிடித்தது. நூலகத்தின் மாடியில் அவளுடைய பன்னிரண்டு படங்களை மாட்டியிருந்தார்கள். வாழ்நாளில் முதல் கண்காட்சி, கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். நூலகர் அம்மாள் பட்டியல்கூட அச்சடித்து வைத்திருந்தார். ஒன்பதரை மணிக்குத் தங்கை போனில் கூப்பிட்டாள். பின்னால் குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம். யாருக்கும் கேட்கக் கூடாத பேச்சு என்றால் தங்கை குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசுவாள்.

"அக்கா, நீ அனுப்பின போட்டோ பாத்தேன். ஏழாவது படம் எங்க பெட்ரூம்தானே?"

"ஆமா. நல்லா வந்திருக்கில்ல?"

"கட்டிலுக்கு அடியில ஒரு பை வரைஞ்சிருக்கே."

"இருந்துச்சு, வரைஞ்சேன். அந்த பிரவுன் இல்லேன்னா படமே எடுபடாது."

தண்ணீர்ச் சத்தம் இன்னும் கூடியது.

"அது நானும் பாப்பாவும் கிளம்பறதுக்குக் கட்டி வச்ச பைக்கா. திங்கட்கிழமை. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா..."

தெரிந்தால் என்ன ஆகும் என்று அக்காவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லி, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து நின்றவளைப் பார்த்தவள்தான். பாத்ரூமில் வழுக்கி விழுகிறவளுக்குத் தோளில் நாலு விரல் தடம் எப்படி வரும் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி இன்றுவரை அவளுக்கு உண்டு.

தங்கை புருஷனுக்குக் கதவு ஜன்னல் அளவெடுத்துச் செய்து கொடுக்கும் தொழில். அக்காவும் தங்கையும் தங்களுக்குள் அவரை அளவுக்காரர் என்பார்கள். வீட்டிலும் எல்லாம் அளவுதான். போனில் எத்தனை நிமிடம், அலமாரியில் எத்தனை புடவை, செருப்புக்கும் செருப்புக்கும் எத்தனை விரல் இடைவெளி. ஒரு டம்ளர் இடம் மாறியிருந்தால் மனிதருக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஆனால் முழங்கால் வலி. மண்டி போட மாட்டார். அதனால்தான் தங்கை பையைக் கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளி வைத்திருந்தாள். நின்று பார்க்கிறவர் கண்ணில் அது படாது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படம் வரைகிற ஒரே ஒருத்தி கண்ணில்தான் படும்.

"பதினோரு மணிக்கு அங்க வர்றார்க்கா. தன் வீட்டைப் படத்துல பாக்கணும்னு துடிக்கறார். என்னைப் பாப்பாவோட வீட்டுலயே இருன்னுட்டார்."

 படத்தைக் கழற்றிவிடலாமா? பட்டியலில் இருக்கிறது. இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்பார். கேட்க ஆரம்பித்தால் விட மாட்டார். பையை மறைத்துவிடுவது ஒன்றுதான் வழி. இருபது வருட வீம்பு அந்த நிமிடமே பறந்தது.

வாட்டர் கலர் அடியில் இருப்பதை மறைக்காது. நூலகர் அம்மாளிடம் கெஞ்சி, சிறுவர் பகுதி அலமாரியிலிருந்து போஸ்டர் கலர் புட்டிகளை வாங்கினாள். கட்டிலின் விளிம்பிலிருந்து படுக்கை விரிப்பைத் தரைவரை தொங்கவிட்டாள். புது நீலம் பழையதோடு சேரவில்லை, மேலே இருந்த விரிப்பையும் சேர்த்துத் திரும்பப் பூசினாள். தொங்கும் துணிக்கு நாலு மடிப்பு, மடிப்புக்கு நிழல். மடிப்பு நன்றாகவே வந்தது. மின்விசிறிக்கு நேரே பிடித்துக் காயவைத்து, பத்து ஐம்பதுக்கு ஆணியில் மாட்டினாள். உடம்பெல்லாம் வியர்வை.

அளவுக்காரர் சொன்னால் சொன்ன நேரத்துக்கு வருவார். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. "அடடே அண்ணி, பெரிய ஆர்ட்டிஸ்ட் ஆயிட்டீங்க" என்று பல் தெரியச் சிரித்தார். அந்த வீட்டுக்கு வெளியே அவரைப் போலத் தங்கமான மனிதர் கிடைக்க மாட்டார். முதல் ஆறு படங்களை ஒப்புக்குப் பார்த்துவிட்டு ஏழாவதன் முன் நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார்.

"இது எங்க வீடுதானே?"

"ஆமா தம்பி."

"எங்க வீட்டுல பெட்ஷீட் தொங்காதே."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வீட்டில் விரிப்பு நாலு பக்கமும் தொங்கும். தெரிந்தவர் வீட்டிலெல்லாம் தொங்கும். ஆனால் அங்கே? தினம் காலையில் அவர் கையாலேயே இழுத்து, மெத்தைக்கு அடியில் செருகி, சுருக்கம் இல்லாமல் தட்டிவிடுவார். செவ்வாயன்று அவள் முதலில் வரைந்ததும் அப்படித்தான். இருப்பதை மட்டும் வரைகிறவள், பதற்றத்தில் தன் வீட்டுக் கட்டிலைக் கொண்டுபோய் அவர் வீட்டில் போட்டுவிட்டாள்.

அவர் விரல் நீலத்தை நோக்கிப் போனது. வண்ணம் முழுசாகக் காயவில்லை.

"தொடாதீங்க சார்" என்றார் நூலகர் அம்மாள், மேசையிலிருந்து.

விரல் நின்றது. "நான் அந்தப் பக்கம் போனதும் வீட்டை இந்த லட்சணத்துலதான் வச்சிருக்காளா? உங்களுக்குக் கற்பனை பண்ணத் தெரியாதே அண்ணி. நீங்களே சொல்வீங்களே." சிரிப்பு போய்விட்டது. சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார். "போய்க் கேக்கறேன்."

ஸ்கூட்டரில் பத்தே நிமிடம். திங்கட்கிழமைவரை இனித் தாங்காது என்று அவளுக்குப் புரிந்தது.

"தம்பி, உக்காருங்க. உங்களை வரையறேன்."

"என்னையா? நீங்கதான் மனுஷங்களை வரையறதில்லையே."

"இன்னைக்கு ஆரம்பிக்கறேன். முதல் ஆள் நீங்கதான்."

"கொடுத்து வச்சவர் சார் நீங்க!" என்றார் நூலகர் அம்மாள், ஒன்றும் அறியாமல். சுற்றி நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அளவுக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. சாவி பைக்குள் போனது. நாற்காலியில் உட்கார்ந்து மீசையை ஒதுக்கிக்கொண்டார்.

பென்சில் எடுக்கிற சாக்கில் அவள் கைப்பைக்குள்ளேயே போனைத் தட்டினாள். 'இப்பவே கிளம்பு. நான் பிடிச்சு வச்சிருக்கேன்.' பிறகு போனை மடியில் அட்டைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

மனித முகம் அவளுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. நாற்காலியின் நாலு கால்களும் அச்சாக வந்தன. அதற்கு மேலே சட்டை போட்ட பூசணிக்காய் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. ஆனால் நிமிர்ந்து பார்க்காமல் இருக்க முடியுமா? பார்த்தாள். தொடைமேல் கிடந்த அந்தக் கையைப் பார்த்தாள். நாலு விரல். கோபத்தில் பென்சில் முனை ஒடிந்தது. நிதானமாகச் சீவினாள்.

"வீட்டுக்கு ஒரு போன் போட்டுக்கறேன்" என்று அவர் கையைத் தூக்கினார்.

"ஆடாதீங்க தம்பி! அசைஞ்சா மறுபடி முதல்லேருந்து."

"ஒரே வார்த்தை..."

"வாயைத்தான் வரைஞ்சிட்டிருக்கேன். பேசினா கோணிக்கும்."

வாழ்நாளில் யாரும் அவரை இப்படி அடக்கியதில்லை. அடங்கினார். அஞ்சு நிமிடம், பத்து, இருபது. ஒவ்வொரு நிமிடமும் ஒரு யுகம். போன் வாயைத் திறக்கவில்லை. பாப்பா அடம் பிடிக்கிறாளோ, பக்கத்து வீட்டுக்காரி மடக்கிக்கொண்டாளோ, ஆட்டோ கிடைக்கவில்லையோ. காகிதத்தில் அவர் சட்டைக்குப் பதினோராவது பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

மடியில் போன் அதிர்ந்தது. அட்டையைச் சற்றுத் தூக்கிப் பார்த்தாள்.

'பஸ் கிளம்பிடுச்சுக்கா. பாப்பா ஜன்னலோரம்.'

 குனிந்து, காகிதத்தில் இருந்த பென்சில் தூளை ஊதினாள். பஸ் ஊரைத் தாண்ட இன்னும் கால் மணி ஆகும்.

"முடிஞ்சுதா அண்ணி?"

"காது பாக்கி இருக்கு தம்பி. நல்லா நிமிர்ந்து உக்காருங்க."

அவர் காலரைச் சரிசெய்துகொண்டு நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.