மைக்கூடு வீட்டில் பேனா இல்லை

அமரர் ஊர்தி வண்டிக்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டையே தலைகீழாகப் புரட்டியும் எழுதுகிற பேனா ஒன்று அகப்படவில்லை. இத்தனைக்கும் முப்பத்தேழு பேனா இருக்கிற வீடு. மகன் இழுப்பறையைத் திறந்து ஒவ்வொன்றாக மூடி கழற்றிக் கீறிப் பார்த்தான். எல்லாம் கழுவித் துடைத்துக் காய்ந்து கிடந்தன. வண்டிக்காரருடைய சொந்தப் பேனாவைப் போன வீட்டில் யாரோ வாங்கி, அழுத அழுகையில் அப்படியே சட்டைப்பையில் செருகிக்கொண்டார்களாம். அவன் அம்மா தையற்காரி; அவளிடம் இருந்தது சாக்கட்டியும் பென்சிலும்தான். பென்சில் செல்லாதும்மா என்று வண்டிக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

உள்ளறைக் கட்டிலில் கிடந்த அவள் கணவர் இதைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அவளுக்கே உதடு துடித்தது. அது சிரிப்பா வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

நாளைக் காலையில் அவரை நெஞ்சு ஆபரேஷனுக்குச் சேர்ப்பதாக இருந்தது. பதினைந்து நாளாவது படுக்கை என்றார்கள். அத்தனை நாள் மையோடு சும்மா கிடந்தால் பேனா அடைத்துக்கொள்ளும் என்று நேற்று முழுக்க அவர் சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். பாத்திரங்கள் தரையில் காத்துக் கிடந்தன. இன்று விடிந்ததும் தேநீர் குடித்தார், ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்தார், அவ்வளவுதான். கையிலிருந்த கோப்பைகூடக் கவிழவில்லை.

முகத்தையும் கைகளையும் அவளேதான் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். இடது உள்ளங்கையின் ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, நீலக் கறை. தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. சோற்றுக் கையால் எழுதுகிறவருக்கு அங்கே எப்படி மை ஒட்டும்? கழுவும்போது பட்டிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அவர் பல்செட் செய்கிறவர். ஐம்பத்து நாலு வயதுவரை பேனா என்றால் எழுதுகிற குச்சி, அவ்வளவுதான் அவருக்கு. நாலு வருடத்துக்கு முன்னால் அளவு சரிபார்க்க வந்த ஒரு பொக்கைவாய் வக்கீல் சட்டைப்பையிலிருந்து மைப்பேனாவை எடுக்க, இவர் ஆசைப்பட்டு இரவல் வாங்கி ஒரே ஒரு கோடு இழுத்தார். தீர்ந்தது கதை. அன்று சாப்பிட உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கும்வரை அதே பேச்சு. அழுத்தவே வேண்டாமாம், தானாகப் போகிறதாம்.

அப்புறம் ஒன்று மூன்றாயிற்று, மூன்று பத்தாயிற்று. அலமாரியில் மருந்துத் தட்டு மைப்புட்டிகளுக்குப் போய், மருந்தெல்லாம் ஃபிரிட்ஜின் தலைமேல் ஏறிக்கொண்டது. பால்பாயிண்ட் பேனாக்கள் மொத்தமும் குப்பைக்குப் போயின. புதுப் பேனாவோ புது மையோ எது வந்தாலும், "இன்றைக்கு மழை வரும்போல் இருக்கிறது" என்றுதான் எழுதிப் பார்ப்பார். மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் அதே வரிதான். வளைவு, நேர்க்கோடு, புள்ளி எல்லாம் அதில் வந்துவிடுகிறதாம். சொந்தக்காரர்கள் மைக்கூடு என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கூப்பிட்டால் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பார். அவளும் கேலி பண்ணுவாள். ஆனாலும் வெல்வெட்டுத் துண்டுகளை ஒட்டுப்போட்டு அத்தனை பேனாவுக்கும் உறை தைத்துக் கொடுத்தவள் அவள்தான். மை காகிதத்தில் பளபளத்து மெல்ல அடங்குவதைப் பார்க்க அவளுக்கும் பிடிக்கும். சொல்ல மாட்டாள்.

வினை இரண்டு மாதத்துக்கு முன்பு வந்தது. போனில் ஒருத்தி அவசரமாக ரவிக்கை அளவு சொல்ல, பென்சில் கைக்கு எட்டாமல், மேசையில் கிடந்த அவருடைய தங்க நிப்புப் பேனாவை எடுத்துவிட்டாள். மூன்று வருடம் ஏங்கி அவர் வாங்கியது. இவளோ இடதுகைக்காரி. மற்றவர்கள் பேனாவை இழுத்து எழுதுவார்கள், இடது கை தள்ளி எழுதும். பென்சில் பழக்கத்தில் அழுத்தம் வேறு. நாலு எண் எழுதுவதற்குள் நிப்பு பிளந்துகொண்டது. அவர் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "சரி, விடு" என்றார். பேனாதானே என்று இவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அதற்குப் பிறகு மாலைகளில் முதுகைக் காட்டியபடி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார ஆரம்பித்தார். உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்கும். பக்கத்தில் போனால் நோட்டை மூடிவிடுவார். மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தையைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு அவள் இரண்டு மாதம் நடமாடினாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொள்ளலாம், படுத்திருக்கிறவர் எங்கே போய்விடுவார் என்று நினைத்திருந்தாள். கோபத்தோடே போய்விட்டாரா என்பதை இனி யாரிடம் கேட்பது?

"அம்மா, இதுல மை இருக்கு."

நாளை ஆஸ்பத்திரியில் துணையிருக்கப்போகிற அவளுக்கென்று அவர் கட்டி வைத்திருந்த பையைத் துழாவிக்கொண்டிருந்தான் மகன். அவள் துண்டுக்கும் அவள் மூக்குக்கண்ணாடிக்கும் நடுவில் ஒரு நோட்டும் ஒரு பேனாவும் இருந்தன. அதே தங்க நிப்புப் பேனா.

மகன் தாளின் ஓரத்தில் கீறினான். பாதிக் கோடு வந்தது, மீதி வரவில்லை. வண்டிக்காரர் வாங்கி உதறிப் பார்த்தார். தரையில் ஒரு சொட்டு விழுந்தது, தாளில் ஒன்றுமில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு எழுதிய நாத்தனார், இப்படிக் கொடு என்று பிடுங்கி எழுதினாள். தாள்தான் கிழிந்தது.

"பாவி, நல்ல பேனாவை இப்படிக் கெடுத்து வச்சிருக்கானே. ஒரு பக்கமாவே தேச்சிருக்கான் பாரு. யாருக்கும் எழுதாது இது."

யாருக்கும் எழுதாது. இந்தப் பேச்சைத் தையற்காரி எங்கேயோ கேட்டிருக்கிறாள். எங்கேயோ என்ன, இந்த வீட்டில் தினம் கேட்பதுதான்; அவளுடைய இடதுகைக் கத்தரிக்கோலைப் பற்றி. யார் எடுத்தாலும் துணியைக் கடிக்கிறது, மொண்ணை என்பார்கள். அவள் கைக்கு வெண்ணெயாக ஓடும்.

"குடுங்க அண்ணி," என்று இடது கையை நீட்டினாள்.

பயந்து பயந்துதான் நிப்பைத் தாளில் வைத்தாள். தள்ளினாள். பேனா போயிற்று. எங்கும் இடறவில்லை, எங்கும் கீறவில்லை. கோணல்மாணலான அவள் கையெழுத்து முதல் எழுத்திலிருந்து கடைசிச் சுழிவரை ஒரே நீலமாக விழுந்தது. அழுத்தவே வேண்டியிருக்கவில்லை.

"அதெப்படி உனக்கு மட்டும் எழுதுது?" என்றாள் நாத்தனார்.

வண்டிக்காரர் தாளை ஊதிக்கொண்டே, ஆட்களைக் கூப்பிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்.

மகன் இதற்குள் நோட்டைப் பிரித்திருந்தான். பக்கம் பக்கமாக மழை வரும்போல் இருக்கிறது, மழை வரும்போல் இருக்கிறது. ஆனால் அவருடைய முத்து முத்தான எழுத்து இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப் போல ஆடியும் சரிந்தும், வரிக்கு வரி தேய்ந்து ஈஷிக்கொண்டும் கிடந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி. இரண்டு மாதத் தேதிகள்.

"அப்பாவுக்குக் கை இழுத்துக்கிட்டிருக்கும்மா. வெளிய சொல்லாம மறைச்சிருக்காரு. நாம கவனிக்காம விட்டுட்டோம்."

அவள் நோட்டை வாங்கினாள். முதல் பக்கங்களில் காகிதமே கிழிந்திருந்தது. போகப் போகக் கீறல் குறைந்தது. நேற்றைய தேதியிட்ட பக்கத்தில் எழுத்து அதே கோணல்தான். கோடு மட்டும் எங்கும் அறுபடவில்லை. முப்பத்தாறைக் கழுவிக் கவிழ்த்தவர் இது ஒன்றில் மட்டும் மை ஊற்றி வைத்திருக்கிறார். தன் கைக்கு இனி ஒருநாளும் எழுதாதபடி தன் ஆசைப் பேனாவையே தேய்த்திருக்கிறார். இந்த மனிதருக்குக் கோபமே இல்லை.

"இழுத்துக்கலடா," என்றாள். "இடது கையால எழுதிப் பாத்திருக்காரு."

மகனுக்கு உடனே விளங்கவில்லை. பேனாவையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனான்.

அவள் ஜன்னலோர நாற்காலியில், அவர் உட்கார்ந்த இடத்தில், உட்கார்ந்தாள். நேற்றைய பக்கத்தின் அடியில் இரண்டு விரற்கடை இடம் இருந்தது. இன்றைய தேதி போட்டாள். அவர் வரிக்குக் கீழே அதே வரியை நிதானமாக எழுதினாள். வெளியே வெயில் கொளுத்தியது. ஆட்கள் உள்ளே வருகிற செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மா, கையைக் கழுவிட்டு வா. தூக்கப் போறாங்க."

பேனாவை மூடினாள். இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கையின் ஓரத்தில், நீலம் ஈரமாக இருந்தது.

"இருக்கட்டும்," என்று எழுந்து உள்ளே போனாள்.