ஈரம் ஏறாத அறை

உள்ளறை பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று மனைவி பரிதா சொன்னதும், தட்டில் பாதி இட்லியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார் சையத் இப்ராஹிம். பெற்ற மகளுக்குக் காய்ச்சல் என்றபோதுகூட மனிதர் இந்த வேகத்தில் எழுந்ததில்லை. அந்த அறையில் யாரும் குடியிருக்கவில்லை. நாலடி டியூப் லைட்டுகள்தான் பெட்டி பெட்டியாக, மரச்சட்டத்தின் மேல், சுவரில் ஒட்டாமல், கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. ஏற்காட்டுப் பனிக்கு அட்டைப்பெட்டி ஊறிப்போகும். டியூபின் முனையிலுள்ள மூடி பூத்துப்போகும். அப்புறம் டியூபைத் தாங்குகிற பட்டியில் மாட்டித் திருப்பினால் மூடி மட்டும் தனியாகக் கையோடு வரும். அதனால் அறை காய்ந்தே இருக்க இரவும் பகலும் அங்கே ஒரு குண்டு பல்பு எரிந்தது. வீட்டிலேயே குளிர் தெரியாத இடம் அதுதான். பரிதாவும் அவரும் முன்னறையில், கம்பளிக்கு மேல் கம்பளி போட்டுக்கொண்டு படுத்தார்கள்.

ஒண்டிக்கடை முக்கில் அவர்களுக்கு ஒரு சின்ன மின்சாமான் கடை. எல்இடி வந்து, சேலத்து மொத்த வியாபாரிகள் பழைய டியூப்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டபோது, ஊரே வேண்டாமென்றதை இவர் ஒருவர்தான் வேன் பிடித்துப் போய் அள்ளிவந்தார். மலையில் இருக்கிற விடுதிகளிலும் எஸ்டேட் குடோன்களிலும் பழைய பட்டிகள் கிடக்கின்றன, அத்தனையையும் எவன் மாற்றப்போகிறான் என்பது அவர் கணக்கு. மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள். கடையின் பின்சுவர் மலையோடு ஒட்டியது, வருஷம் முழுக்கத் தண்ணீர் கசியும். சரக்கு வீட்டுக்கு வந்தது இப்படித்தான். கட்டியவளை யாரும் கேட்கவில்லை.

அதையெல்லாம் பரிதா பொறுத்துக்கொண்டாள். இப்போது பொறுக்க முடியாமல் போனது சுமையாவால். ஆத்தூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். மாசம் ஏழு முடிந்துவிட்டது. அழைத்துவரத்தான் இன்னும் யாரும் போகவில்லை.

"மாமி தெனமும் கேக்கறாங்கம்மா," என்றாள் சுமையா போனில். "உங்க ஊட்ல ஒனக்கு ஒரு ரூமுகூட இல்லியான்னு. சிரிச்சிக்கிட்டேதான் கேக்கறாங்க. இங்க எனக்கு மூச்சு முட்டுதும்மா. எப்ப வந்து கூட்டிட்டுப் போவீங்க?"

"வர்றோம் கண்ணு," என்றாள் பரிதா. எங்கே கூட்டிவந்து வைப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று ராத்திரி சோறு போடும்போது கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, புள்ளைய எங்க படுக்க வெக்கறது?"

"முன்னாடி ரூமுல நம்ம கட்டில் இருக்குதுல்ல."

"அந்தச் செவுரு ஓதம் ஏறிக் கெடக்குதுங்க."

"ரெண்டு மாசந்தான. சமாளிச்சுக்கலாம்."

"டியூபுக்கு ஆகாத செவுரு பச்சப்புள்ளைக்கு ஆகுமாங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "கொஞ்சம் பொறு புள்ள. வாங்கறதுக்கு ஆள் வரும்," என்றார். ஆள் வரும் என்று அவர் சொல்லத் தொடங்கியபோது சுமையா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

ஆள் தானாக வராது, நாம்தான் வரவழைக்க வேண்டும் என்று பரிதா முடிவுகட்டினாள். கணவர் தொழுகைக்குப் போன நேரத்தில் அவர் போனிலிருந்து மேக்ஸ்வெல்லைக் கூப்பிட்டாள். மேக்ஸ்வெல் பெரிய விடுதி ஒன்றில் லைட்டு, மோட்டார் எல்லாம் பார்த்துக்கொள்கிறவர், கடைக்குப் பழக்கமானவர். நாலடி டியூப் ஒரு வீடு நிறைய இருக்கிறது, மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் மறுநாளே ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு பெட்டியைப் பிரித்தார்கள். இப்ராஹிம் ஒரு டியூபை எடுத்து, சுவரில் இருந்த சோதனைப் பட்டியில் மாட்டி, மெல்லத் திருப்பினார். ரெண்டு தரம் சிமிட்டிவிட்டு வெள்ளையாக எரிந்தது. மேக்ஸ்வெல் அடுத்ததைக் கேட்டார். அதுவும் எரிந்தது.

"சேலம் பூரா அலஞ்சிட்டனுங்க பாய்," என்றார் மேக்ஸ்வெல். "ஒருத்தர்கிட்டயும் இல்ல. பட்டி பூரா மாத்தறதுக்கு மொதலாளி ஒத்துக்க மாட்டேங்கறாரு. இருக்கறத அத்தனையும் எடுத்துக்கறனுங்க."

அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த பரிதாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜன்னலோரம் கட்டில், அதற்கு மேலே உத்தரத்தில் தொட்டில் என்று மனசுக்குள் அறையையே மாற்றிப் போட்டுவிட்டாள்.

"ஒருத்தர்கிட்டயும் இல்லியா?" என்று கேட்டார் இப்ராஹிம்.

அந்தக் குரலைக் கேட்டதுமே, இனி இவர் மொத்தமாகக் கொடுக்கமாட்டார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"மொத்தத்தையும் கொண்டுபோயி எங்க வெப்பீங்க?" அவர் நிதானமாகத்தான் பேசினார். "உங்க ஸ்டோர்ல சாரல் அடிக்குமே."

"அதாங்க ரோசன. பாதி வீணாத்தான் போகும்."

"அப்ப இங்கயே இருக்கட்டும். வேணுங்கறப்ப வந்து வேணுங்கறத எடுத்துக்குங்க. உங்களுக்குன்னே வெச்சிருக்கறன்."

"நொம்ப நல்லதாப் போச்சுங்க." மேக்ஸ்வெல் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "எங்க ஊட்லகூட இப்படிக் காஞ்ச ரூமு கெடையாதுங்க பாய்."

பரிதா டீயோடு வந்து நின்றாள். வியாபாரம் நடக்கிற இடத்தில் அவள் வாய் திறந்ததே இல்லை. "அண்ணே, எம் புள்ள பிரசவத்துக்கு வருதுங்க," என்றாள். "இன்னிக்கே எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க."

மேக்ஸ்வெல் அவளைப் பார்த்தார், இப்ராஹிமைப் பார்த்தார், பிறகு டீயைப் பார்த்தார்.

"அது ஊட்டு விசயமுங்க, நாங்க பாத்துக்கறம்," என்று சிரித்தார் இப்ராஹிம். மேக்ஸ்வெல் ஜீப்பில் ரெண்டே ரெண்டு பெட்டி ஏறியது.

அன்றிலிருந்து இப்ராஹிமின் நடையே மாறிவிட்டது. இத்தனை வருஷம் கடைத்தெருவில் கேலிப்பேச்சு கேட்ட மனிதர், இப்போது தலையை நிமிர்த்திக்கொண்டு போனார். ராத்திரியில் அவளுக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டார். அந்தச் சந்தோஷத்தை வெறுக்கக்கூட அவளால் முடியவில்லை. எல்லாவற்றையும்விட அதுதான் அவளை அழவைத்தது. தானே போன் போட்டுத் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று யாரிடமும் சொல்லவும் வழியில்லை.

அடுத்த வாரம் ஈரோட்டிலிருந்து ஒரு வேன் வந்து வாசலில் நின்றது. அங்கே ஒருவர் கடையை மூடுகிறாராம். அவரிடமிருந்த டியூப் முழுவதையும் இப்ராஹிம் பேசி முடித்துவிட்டார். அத்தனை கொண்டை ஊசி வளைவிலும் ஒன்றுகூட உடையவில்லை என்று டிரைவரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். உள்ளறையில் ஊசி குத்த இடமில்லை. முன்னறைக்குக் கடையிலிருந்து ஒரு குண்டு பல்பு கொண்டுவந்து, காலையிலேயே மாட்டி வைத்திருந்தார். மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டு, கட்டில் மேலேயே பெட்டிகளை அடுக்கலாம் என்றார். தரை ஈரம் ஏறாதாம்.

"ஒரு கை புடி புள்ள. அடியில கைய குடு."

பெட்டியின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறுமுனையைப் பரிதா. அவள் பின்பக்கமாக நடந்து கட்டிலை நெருங்கும்போது ஜன்னல் திண்டில் வைத்திருந்த அவளுடைய போன் அடித்தது. திரையில் சுமையாவின் பெயர். சத்தத்தைக் குறைத்து வைத்திருந்ததால் போன் நடுங்கிற்று. நடுங்கி நடுங்கி, பனி படிந்த வழவழப்பான திண்டில் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பைப் பார்த்து நகர்ந்தது.

"விட்டுராத," என்றார் இப்ராஹிம்.

பெட்டிக்குள் கண்ணாடிகள் ஒன்றோடொன்று மெல்ல உரசின. பரிதாவின் இரண்டு கைகளும் அடியில் இருந்தன. போன் அடித்துக்கொண்டே விளிம்புக்கு வந்து, பாதி வெளியே நீட்டிக்கொண்டு, இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.