வலது தோள் தையல்

புருஷன் சட்டையின் வலது தோளில் தையல் மறுபடியும் விட்டிருந்தது. தையற்காரிக்கு வயிறு எரிந்தது. ஊரார் சட்டையெல்லாம் ஒழுங்காக இருக்க, அவள் கையால் போட்ட தையல், அதுவும் ஒரே இடத்தில், எப்படி விடும்? எவளோ ஒருத்தி அந்தத் தோளில் சாய்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள்.

பின்னே என்ன? எழுப்ப எழுப்ப இழுத்துப் போர்த்திக்கொள்ளும் மனுஷன் கொஞ்ச நாளாக விடியுமுன்னே கிளம்பிவிடுகிறான். டீக்குச் சர்க்கரை வேண்டாமாம், ராத்திரி அரை வயிறு போதுமாம். கேட்டால், லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, "லிஃப்ட் ரிப்பேர்டி" என்கிறான். தினமுமா ரிப்பேராகும்?

போன மாசம் அவள், லிஃப்ட் இல்லாத தங்கள் நாலாவது மாடி வீட்டில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பக்கத்தில் இவன்தான் இருந்தான். "நாலு மாடியும் என்னைத் தூக்கிக்கிட்டே இறங்கினாரு" என்று தெருவெல்லாம் பெருமையடித்திருந்தாள். அதை நினைக்க இப்போது அழுகையாக வந்தது.

ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மறுநாள் பின்னாலேயே போனாள். அவன் வேலை பார்க்கும் ஆபீஸ் கட்டடம் காலியாகக் கிடந்தது. லிஃப்ட் வாயைத் திறந்துகொண்டு நிற்க, மாடிப்படியில் தஸ்ஸுபுஸ்ஸென்று மூச்சு கேட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள்.

அவன்தான். வலது தோளில், லிஃப்ட் எடை தாங்குமா என்று சோதிக்கும் மணல் மூட்டை.

"என்னங்க இது கூத்து? லிஃப்ட் சும்மாதானே நிக்குது?"

"கத்தாதடி! லிஃப்ட் மெக்கானிக்கே படியேறறான்னு தெரிஞ்சா ஒருத்தன் அதுல கால் வைப்பானா? அதான் ஆள் வர்றதுக்கு முன்னாடி ஏறிப் பழகறேன்."

"எதுக்குப் பழகணும்?"

அவன் மூட்டையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தான். "அன்னிக்கு உன்னைத் தூக்கினது நான் இல்ல. எதிர்வீட்டுக்காரர். நான் ஓடி வந்து ரெண்டு மாடி ஏறினதுமே மூச்சு முட்டி உக்காந்துட்டேன். நீ என்னைச் சொல்லிப் பூரிச்சுப் போனே. அவரும் காட்டிக்கொடுக்கல, எனக்கும் வாய் வரல."

அவளுக்குச் சுருக்கென்றது. கோபமாகத்தான் கேட்டாள்: "அப்போ இந்த மூட்டை என் எடையா?"

"இல்ல... பாதிதான். கொஞ்சங்கொஞ்சமா மணலைச் சேர்த்துக்கிட்டு வரேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கன்றிப்போன அந்தத் தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

"வீட்டுக்கு வாங்க. உள்பக்கம் ரெட்டைத் துணி வெச்சுத் தைக்கறேன். நீங்க முழுசாத் தூக்கற வரைக்கும் நான் விழமாட்டேன்."