எபோ நின்ற இடத்துப் புல்

எபோ அன்சா என்ற கானா நாட்டுப் பையன் ஹோர்சன்ஸ் ரயில் நிலையத்தில் வந்திறங்கிய ஜனவரியில், அவன் காலைச் சுற்றி ஒரு பாய் விரிக்கும் அளவுக்குப் பனி உருகி, மேடைக் கற்களுக்கு நடுவில் புல் முளைத்தது. அவனைக் கூட்டிப்போக வந்த கால்பந்துக் கழகத்து ஆள் புல்லைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கார் நிறுத்தும் நேரம் முடியப்போகிறது என்று சொல்லி அவனுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். டென்மார்க்கில் அடுத்தவன் விஷயத்தில் வந்ததும் வராததுமாக மூக்கை நுழைப்பது மரியாதையில்லை.

பையனுக்கு அப்போது பதினெட்டு வயது. பிறந்தது செக்கொண்டி என்ற கடற்கரை ஊரில். அங்கே இந்தச் சங்கதி பெற்ற தாய்க்கே தெரிந்திருக்கவில்லை. ஊரே அடுப்பாய்க் கொதிக்கும்போது ஒருவனுடைய சூட்டை யார் தனியாகப் பிரித்துப் பார்ப்பது? அங்கே தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: வலதுபக்க ஓரத்தில் அவன் காலுக்குப் பந்து போனால் எதிராளி அதை மறந்துவிட வேண்டும். அதற்காகத்தான் ஹோர்சன்ஸுக்கு வெளியே இருந்த அந்தக் கழகம் அவனை அழைத்தது. அவனுக்கும் ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பதினொரு பேரில் ஒருவனாக இறங்கி, கடைசி விசில்வரை ஓட வேண்டும்; அதை அம்மா தொலைக்காட்சியில் பார்க்க வேண்டும்.

முதல் சனிக்கிழமையே விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. யூட்லாந்து முழுக்க மைதானங்கள் கண்ணாடியாய் உறைந்து ஆட்டங்கள் ரத்தாகிக்கொண்டிருக்க, எபோ பயிற்சி எடுத்த மைதானம் மட்டும் மே மாதத்துப் பச்சையாய்க் கிடந்தது. பயிற்சியாளர் ஃப்லெமிங் குனிந்து புல்லைத் தடவினார், பையனின் தோளைத் தடவினார், கணக்குப் போட்டார். அதற்குப் பிறகு ஆட்டத்துக்கு முன் எபோவை ஒரு கோல் முகத்தில் கொஞ்ச நேரம், மறு கோல் முகத்தில் கொஞ்ச நேரம், நடுவட்டத்தில் கொஞ்ச நேரம் நிற்கவைப்பார்கள். பிறகு கம்பளி போர்த்தி மாற்று ஆட்டக்காரர் வாங்குப் பலகையில் உட்காரவைப்பார்கள். குளிர்காலத்தில் பந்து உருளும் ஒரே மைதானம் என்று தொலைக்காட்சிக்காரர்கள் கூட வந்தார்கள். ரசிகர்கள் அவன் பெயரில் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பாட்டு. எப்போது விளையாட விடுவீர்கள் என்று கேட்டால் ஃப்லெமிங் சிரித்த முகத்தோடு அடுத்த வாரம் என்பார். ஒரு குளிர்காலம் முழுக்க அடுத்த வாரமாகவே போனது. அது கோடை வந்ததும், அணி நன்றாக ஓடுகிறது, இப்போது ஏன் கலைப்பது என்று ஆனது.

தங்குவதற்குக் கழகம் பார்த்துக்கொடுத்தது ஞானேஸ்வரி என்ற யாழ்ப்பாணத்துப் பெண்ணின் வீட்டு நிலவறை அறையை. ஞானேஸ்வரி முதியோர் பராமரிப்பில் வேலை செய்பவள். புருஷன் சண்முகலிங்கம் இறைச்சித் தொழிற்சாலையில். அந்த வீட்டு ஜன்னலோரச் சட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி பல வருடமாக நோயாளி போலக் கிடந்தது. எபோ வந்த மாதம் அது துளிர்த்தது. மறு மாதம் துணிந்து கொண்டுபோய்த் தோட்டத்து மண்ணில் வைத்தார்கள். சுற்றிலும் பனி கொட்ட, அது கூரைக்கு மேலே போய்விட்டது. பக்கத்தில் போட்ட முருங்கை காய்த்துத் தள்ளியது. வைலயிலிருந்தும் ஓர்ஹூஸிலிருந்தும் நம்மவர்கள் கார் பிடித்து வந்து, மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு கொப்பு கேட்டு வாங்கிப் போனார்கள். அந்த வட்டாரத்துக் கலியாணங்களில் ஞானேஸ்வரிக்கு முன்வரிசையில் இடம் கிடைத்தது.

ஆனால் அவள் எபோவை மரத்துக்காக மட்டும் வைத்திருந்தாள் என்று சொன்னால் சொல்கிற வாய் அழுகிப்போகும். காய்ச்சலில் கிடந்தபோது மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்து இரவெல்லாம் விழித்திருந்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய அம்மாவோடு கைபேசியில் முகம் பார்த்துக் கதைப்பாள். அந்த அம்மா தன் ஃபான்டி மொழியில் பேசுவார், இவள் தமிழில் பேசுவாள், இரண்டு பேருக்கும் ஒரு சொல் மிச்சமில்லாமல் விளங்கும். “நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நான் பாத்துக்கொள்ளுறன்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வாள். எபோவும் ஒரு வருடத்தில் யாழ்ப்பாணத் தமிழ் பழகி, அக்கா அக்கா என்று அடுப்படியிலேயே கிடந்தான். பரதேசத்தில் தனக்கென்று ஒரு வீடு கிடைத்துவிட்டது என்று நம்பினான், பாவம்.

அடுத்த ஜனவரியின் கடைசி நாள் செவ்வாய்க்கிழமையில் வந்தது. வீரர்கள் கழகம் மாறுவதற்கு அதுதான் முடிவு நாள். எபோவின் ஒப்பந்தத்தில், வேறு கழகம் கேட்டு அவனும் சம்மதித்தால் அன்றைக்குள் விட்டுவிட வேண்டும் என்று இருந்தது. பெல்ஜியத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். செக்கொண்டியில் எபோ விளையாடிய பழைய ஆட்டங்களைப் பார்த்தவர். வலது ஓரத்துக்கு அவன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். கழகத்துக்குப் போனார். பையன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று ஃப்லெமிங் கூசாமல் சொன்னார். எபோ அப்போது வடக்குக் கோல் முகத்தில் நின்று பனி உருக்கிக்கொண்டிருந்தான். கைபேசி மற்றவர்களுடையதோடு கழகத்துப் பெட்டியில் கிடந்தது. அந்த மனிதர் விசாரித்து விசாரித்து ஞானேஸ்வரி வீட்டு மணியை அடித்தார். அப்போது நேரம் மூன்றரை. செவ்வாயில் அது சுத்தமான ராகுகாலம்.

அவள் அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். பெல்ஜியத்தில் முதல் பதினொருவரில் இடம், நள்ளிரவுக்குள் கையெழுத்து, நாளை என்றால் பயனில்லை என்று அவர் ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னார். அவளுக்கு விளங்கியது. வெள்ளைக்காரருக்கு எல்லாவற்றிலும் அவசரம் என்று நினைத்தாள். நாளைக்குக் காலையில் வாருங்கள், பையனை நானே கூட்டிவருகிறேன் என்றாள். அவர் தன் பெயர் அட்டையை மேசையில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டியபடி போனார். அவள் அந்த அட்டைக்குத் திருநீறு பூசி, பிள்ளையார் படத்தின் காலடியில் வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டாள். இரவு எபோ வந்து சாப்பிட்டுப் படுத்தான். அவள் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை காலை தலைக்குக் குளித்து, கேசரி கிண்டி, தட்டில் அட்டையையும் வைத்து அவனிடம் நீட்டினாள். எபோ வாசித்தான். தொலைபேசியில் அழைத்தான். அந்த இடம் நேற்று இரவே ஒரு செனகல் பையனுக்குப் போய்விட்டது என்றார்கள்.

“அக்கா, நேற்றே ஏன் சொல்லேல்லை?”

“செவ்வாய்க்கிழமையடா ராசா. அதிலையும் ராகுகாலம். அந்த நேரத்திலை ஒரு நல்ல காரியம் தொடங்கலாமோ? உன்ரை நன்மைக்குத்தான்.”

“நான் செவ்வாய்க்கிழமை பிறந்தவன். எங்கடை ஊரிலை எபோ எண்டாலே அதுதான். எனக்கு நல்லது எல்லாம் செவ்வாயிலைதான் வரும் எண்டு அம்மா சொல்லுறவ.”

அவன் ஜன்னலுக்கு வெளியே கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தான். முருங்கையைப் பார்த்தான்.

“அதுக்காகவோ அக்கா?”

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வரவில்லை.

“அதையும் ஒருக்கா நினைச்சனான்தான்” என்றாள்.

கழகத்தின் மேல் அவனுக்கு வந்தது கோபம். ஃப்லெமிங்கின் முகத்துக்கு நேரே கத்தினான், கதவை உதைத்தான், இரண்டு வாரத்தில் ஆறிப்போனான். ஞானேஸ்வரி மேல் வந்தது கோபமில்லை. அதற்கு அவனிடம் எந்த மொழியிலும் பெயர் இருக்கவில்லை. அன்று மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு கழகத்து அறைக்குப் போய்விட்டான். அந்த வாரம் முடிவதற்குள் கறிவேப்பிலை கறுத்து உதிர்ந்தது. முருங்கை முறிந்து வேலியில் விழுந்தது. எபோ வந்ததிலிருந்து மூடிக்கிடந்த வெப்பக் குழாய்களைச் சண்முகலிங்கம் மறுபடி திறந்துவிட்டார். ஜூன் மாதம் கழகம் மைதானத்துக்கு அடியில் சூட்டுக் குழாய்கள் பதித்தது. பதித்து முடித்த மறுநாள் எபோவுக்கு ஒரு பூங்கொத்தும் நன்றியும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

இஷொ என்ற ஊரில் ஒரு சிறு கழகம் அவனை எடுத்தது. பகலில் பண்டகசாலை வேலை, மாலையில் பயிற்சி. தொலைக்காட்சி எட்டிப் பார்க்காத பிரிவு. ஆனால் அந்த மைதானத்தில் பிளாஸ்டிக் புல். அதற்குச் சூடு தேவையில்லை. பனி விழுந்தால் ஒரு வண்டி வந்து தள்ளிவிட்டுப் போகும். எபோவை வைத்துக்கொண்டு செய்வதற்கு அங்கே பந்து விளையாடவிடுவதைத் தவிர வேறொன்றுமில்லை. விளையாடவிட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே கடைசி விசில்வரை ஓடினான், இரண்டு கோல் போட்டான். யாரோ கைபேசியில் பிடித்த படம் செக்கொண்டிக்குப் போனது. அம்மா ஒப்பாரியே வைத்துவிட்டார், சந்தோஷத்தில்.

அதற்கடுத்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஞானேஸ்வரி இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு ஹோர்சன்ஸிலிருந்து ரயிலேறி வந்தாள். வேலியோரம் நின்று முழு ஆட்டமும் பார்த்தாள். முடிந்ததும் எபோ தானாகவே நடந்து வந்தான். “அக்கா, குளிருக்கை ஏன் வந்தனீங்கள்?” என்று கேட்டான். அவள் அவனுடைய கையைப் பிடித்தாள்; பிடித்தவள் சுட்டதுபோல் உதறினாள். அது உறைகடலின் பனிக்கட்டியாய் இருந்தது. பக்கத்தில் நின்ற ஆட்டக்காரர்கள் குளிருக்கு அவனுடைய மறு கையைத்தான் மாறி மாறிப் பிடித்துச் சூடு காய்ந்துகொண்டிருந்தார்கள். அவள் அந்தக் கையையும் தொட்டுப் பார்த்தாள். அதுவும் பனிக்கட்டி. எபோ அதை வேண்டுமென்று செய்யவில்லை. அவளுக்கும் சூடாகட்டும் என்று கண்ணை மூடி நினைத்துக்கூடப் பார்த்தான், ஆகவில்லை.

“பறவாயில்லை ராசா” என்று சொல்லி அவள் சாப்பாட்டுப் பொதியைக் கொடுத்தாள். அவன் வாங்கிச் சாப்பிட்டான்.

இப்போதும் இஷொயில் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் அவள் வருகிறாள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் கைகொடுக்கிறார்கள், வீட்டுக் கதை கதைக்கிறார்கள். ஆகஸ்ட் மாதத்து வெயிலிலும் அவள் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டுதான் வருகிறாள்.