இரண்டாவது பொட்டலம்

1
இந்தக் கதை எனக்கு ஓசியில் வந்தது. கோபிசெட்டிபாளையம் சந்தையில் வாழைத்தார் விற்க வந்த ஒருவர், பேரத்துக்கு நடுவே சொன்னார். பேரம் படியவில்லை. தாரையும் மீதிக் கதையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இப்போதே சொல்லிவிட்டேன், அப்புறம் சரக்கில் குறை என்று சண்டைக்கு வரக்கூடாது.

2
"1958ஆம் ஆண்டு, பெரியம்மை என்னும் கொடிய அரக்கன் கொங்கு மண்ணில்..."

(சுகாதார இலாகா நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

மறுபடியும்: பக்கத்து ஊரில் பெரியம்மை. வாசலுக்கு வாசல் வேப்பிலை செருகியாயிற்று. சென்னியம்மாளுக்கு ஒரே மகள், நடக்கப் பழகும் வயசு, இன்னும் அம்மை குத்தாத பிள்ளை. அம்மை குத்துகிற லட்சுமணசாமி ஊசியும் அம்மைப்பாலுமாக அம்மன் கோயிலுக்கு எதிர்ச் சாவடியில் உட்கார்ந்திருந்தார். மத்தியான பஸ்ஸில் போய்விடுவார்.

இது பரவாயில்லை. விலை போகும்.

3
குறுக்கே நின்றவர் மாமனார் கந்தப்பன், கோயில் தர்மகர்த்தா.

"ஆத்தாளுக்குக் கம்பம் நட்டுத் திருவிழா தொடங்கியாச்சு அம்மணி. நோம்பி முடியற வரைக்கும் யாரு மேலயும் ஊசி படக்கூடாது."

"அதுக்குள்ள அம்மை வந்துட்டா என்னங்க மாமா பண்றது?"

"வந்தா ஆத்தாளே வந்த மாதிரி."

"வரட்டுங்க. வந்து கோயில்ல இருக்கட்டுங்க. ஊட்டுக்குள்ள எதுக்குங்க?"

(கந்தப்பனைக் கெட்டவராக்கப் பார்த்தேன், பெரிய மீசைகூட வைத்தேன். நிற்கவில்லை. பேத்தியைத் தோளைவிட்டு இறக்காத மனுசன். அவளுக்காகத்தான் ஆத்தாளிடம் அத்தனை பயம்.)

கடைசியில் ஆத்தாளிடமே பூக் கேட்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்துச் சன்னதியில் வைப்பார்கள். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் மறுபேச்சில்லை. பொட்டலம் கட்டுவது கேட்கிறவர் பொறுப்பு.

(இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் வியாபாரிகளோடு பழகியதில்லை போலிருக்கிறது.)

சென்னியம்மாள் இரண்டிலும் வெள்ளை அரளியையே வைத்து மடித்தாள்.

4
பூசாரி செங்கோட்டையன் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எதிரே லட்சுமணசாமி ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தார்.

கந்தப்பன் நகரவில்லை. சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி மருமகள் முகத்தைப் பார்த்தார்.

"பூசாரி, இன்னொண்ணையும் பிரிங்க."

"அது வழக்கமில்லைங்களே."

"பிரிங்க."

5
முடிவு (அ): செங்கோட்டையன் பிரிக்கிறார். சென்னியம்மாளை அன்றைக்கே பிறந்த ஊருக்கு... (எழுதக் கை வரவில்லை.)

முடிவு (ஆ): பொட்டலம் தவறித் தீச்சட்டியில் விழுகிறது. (தவறியா? இதை நானே வாங்கமாட்டேன்.)

ஆத்தாளே இறங்கி வந்து, "எனக்குத் தெரியும், போய்க் குத்திக்க" என்று சொல்வதாகவும் ஒன்று எழுதினேன். அவளுக்கு நோம்பி வேலை கிடக்கிறது.

அதனால் பொட்டலத்தைப் பூசாரியிடமிருந்து வாங்கி உங்கள் கையில் கொடுக்கிறேன். கந்தப்பன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பஸ் வரும் நேரம். சென்னியம்மாள் உங்களைத்தான் பார்க்கிறாள். பிரிப்பதும் பிரிக்காததும் உங்கள் இஷ்டம்.

அதற்கு முன்னால், உங்கள் இடது கையில் தோளுக்குக் கீழே தடவிப் பாருங்கள். வட்டமாக ஏதோ ஒரு ஊசித் தழும்பு இருக்கும். உங்களுக்காக யார், யாரை ஏமாற்றினார்களோ.